வெயில் காலத்துக்குப் பிள்ளைகளின் உடுப்பு: வீட்டிலேயே செட்டாகத் தைக்கலாம்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம்ம பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நுவரெலியா, டிக்கோயா பக்கம் மழையைக் கொட்டி, ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் வருகிறது கச்சான். ஆடி, ஆவணியில் கொழுந்துக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பதும், ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் காற்றுதான். தேயிலைக்கு நல்லது. ஆனால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தியலும அருவியே நூலாக மெலிந்து போகிற அந்த மாதங்களில், நம்ம சின்னப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பிள்ளை மடுவத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு, அக்குளில் வேர்க்குரு, இடுப்பில் இலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு. சொறிந்து சொறிந்து புண்ணாகி, இரவில் தூங்காமல் அழுது, அம்மாவையும் தூங்க விடாது. விடிந்தால் அந்த அம்மா பெரட்டுக்குப் போகவேண்டும்.

இதற்குப் பாதிக் காரணம் வெயில். மீதிப் பாதி நாம் போட்டுவிடுகிற உடுப்பு.

சம்பள நாளில் மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வருகிற வியாபாரிகளிடம் தவணைக்கு எடுக்கும் மினுமினுப்புச் சட்டைகளைத்தான் சொல்கிறேன். நைலோன், பொலியெஸ்டர். தொட்டால் வழுவழுவென்று இருக்கும், கசங்காது, சாயம் போகாது, ஆகவே நமக்குப் பிடிக்கிறது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சின்னப் பிள்ளையின் தோலில் வியர்வை வெளிவருகிற துவாரங்கள் மிகவும் நுண்ணியவை. வியர்வை தோலிலேயே நின்றால் அவை அடைபட்டு வேர்க்குரு கிளம்பும். பருத்தித் துணி வியர்வையைக் குடித்துக் காற்றில் விட்டுவிடுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொரு காரியம், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம்ம காம்பராக்களில் அடுப்பு தரையிலேயே இருக்கிறது, பிள்ளையும் தரையிலேயே விளையாடுகிறது. நைலோன் துணியில் நெருப்புப் பட்டால் அது உருகும், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பருத்தியிலும் நெருப்புப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது உருகி ஒட்டாது. அதிலும் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்து, குடை மாதிரி விரிந்து நிற்கிற கவுனின் ஓரம் பிள்ளைக்குத் தெரியாமலேயே அடுப்புக்குள்ளும் தீபாவளி விளக்குக்குள்ளும் போய்விடும். ஆகவே எந்தத் துணியானாலும் அடிப்பாகம் அளவாக விரிந்தால் போதும்.

சரி, "தைக்க யாருக்குங்க நேரமிருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கும்போது எட்டு மணி. ஆனால் இங்கே சொல்லப் போகிற உடுப்பு தையற்காரர் தைக்கிற உடுப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமை வெட்டி வைத்துக்கொண்டால், மெசினில் ஒரு பின்னேரம், கையில் தைத்தால் நாலைந்து இரவு. அதிலே ஒரு பிள்ளைக்கு மூன்று சட்டையும் இரண்டு களுசானும் கிடைக்கும்.

செட் என்றால் என்ன?

கடையில் மேலுக்கும் கீழுக்கும் ஒரே துணியில் தைத்து, கண்ணாடிப் பைக்குள் போட்டு விற்பதைத்தான் செட் என்று நினைக்கிறோம். அது ஒரே ஒரு ஜோடி. களுசான் நைந்துவிட்டால் சட்டையும் வீணாகத் தோன்றும். நாங்கள் தைக்கிற செட் வேறு மாதிரி. முதலில் பூப்போட்ட அல்லது கட்டம் போட்ட துணி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பூவுக்குள் இருக்கிற நிறங்களில் ஏதாவது இரண்டைப் பார்த்து, அதே நிறத்தில் வெறுந்துணி எடுங்கள். நீலமும் மஞ்சளும் உள்ள சீத்தை என்றால், நீலத்தில் ஒரு களுசான், மஞ்சளில் ஒரு களுசான். மேலுக்கு மூன்று சட்டை. எந்தச் சட்டையை எந்தக் களுசானுக்குப் போட்டாலும் சேரும். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. ஐந்து துண்டு தைத்து ஆறு ஜோடி! விடியற்காலை இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுவிட்டாலும் பிள்ளை பார்க்க இலட்சணமாக இருக்கும்.

"எதைப் போட்டா என்ன, சின்னப் புள்ளதானே" என்று சிலர் சொல்வதுண்டு. பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. 2014 அக்டோபர் 29-ந் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்த பிறகு, பாடசாலைகளில் தங்க வைக்கப்பட்டிருந்த நம்ம சனங்களுக்கு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாக உடுப்பு வந்தது. அனுப்பினவர்களின் நல்ல மனதுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் கைகள் தொங்குகிற சட்டையும், இடுப்பில் நிற்காத களுசானும், மேலுக்கும் கீழுக்கும் சேராத துண்டுகளும்தான் அதில் அதிகம். நாலு வயசுப் பிள்ளைகூட, கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நிற்கும். அளவுக்கு ஏற்ற ஒன்று அகப்பட்டால் அதைக் கழற்றவே விடாது. உடுப்பு பிள்ளைக்கு வெறும் மறைப்பு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

துணி எங்கே எடுப்பது?

1992-ல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நாட்டில் வெட்டுத்துண்டுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற துண்டுகளை நிறுத்து விற்கிற வியாபாரிகள் பண்டாரவளை, வெல்லவாய பக்கமும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் போதாத துண்டு, 2 வயசுப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். ஒரே துணியில் நாலைந்து துண்டு அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள்.

பருத்திதானா என்று கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி வந்து, வீட்டில் நெருப்புக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகிற சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருண்டு, உருகி, கறுப்பாகக் கடினமான மணி மாதிரி நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்திருக்கும். கலப்புத் துணியைக் களுசானுக்கு வைத்துக்கொள்ளலாம், அது கிழியாது. உடம்போடு படுகிற மேற்சட்டைக்கு வேண்டாம்.

காசு கொடுக்காத துணியும் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் பழைய வொயில் சேலை பல தடவை துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். கைப்பிள்ளைக்கு அதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. அப்பாவின் சாரம் உட்காருகிற இடத்தில்தான் நைந்திருக்கும், மற்றப் பக்கம் திடமாகவே இருக்கும். கட்டம் போட்ட சாரத்தில் தைத்த பையனின் சட்டை எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று தைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்ம பெரியவர்கள் 1970-களின் பஞ்ச காலத்தில் மாவுச் சாக்கில் தைத்த களுசானோடு பள்ளிக்கூடம் போனதைச் சொல்வார்களே. அதே காரியத்தை அமெரிக்காவிலும் செய்திருக்கிறார்கள். அங்கே 1930-களின் கஷ்ட காலத்தில் பெண்கள் மாவுச் சாக்கில் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிறார்கள் என்று தெரிந்த மாவு ஆலைக்காரர்கள், சாக்கிலேயே பூப்போட்டு அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு சட்டைக்கு ஒரு சாக்குப் போதாதபடியால், ஒரே பூவுள்ள சாக்காகப் பார்த்து வாங்கி வரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவார்களாம். செட் என்ற ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன்

புதுப் பருத்தித் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டு, அதன் பிறகுதான் வெட்டவேண்டும். ஒரு யாருக்கு 2 அங்குலம்கூடச் சுருங்கும் துணி உண்டு. தைத்த பிறகு சுருங்கினால் அழுது பிரயோசனமில்லை. ஈரத் துணியில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை வெறுந்துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

இனி அளவு. 2 வயசுப் பிள்ளைக்கு நெஞ்சுச் சுற்று 21 அங்குலம், தோளிலிருந்து முழங்கால் வரை 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளையை அளந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து முதலில் அதிலே வரைந்து வெட்டுங்கள். கடதாசி கெட்டால் கவலையில்லை.

தாளின் நேர் ஓரம்தான் சட்டையின் நடு. அதிலிருந்து கழுத்துக்கு 2¼ அங்குலம் அகலம், தோள் முனைக்கு 4½ அங்குலம். தோள் முனையை ¾ அங்குலம் கீழே சரித்துவிடுங்கள். கைக்குழி ஆழம் 5 அங்குலம். நெஞ்சில் இறுக்கமில்லாமல் இருக்க 4 அங்குலம் கூட்டினால் 25. அதை நாலாகப் பிரித்தால் 6¼, தையலுக்கு ½ அங்குலம் சேர்த்து 6¾. அடியில் 9 அங்குலம். அவ்வளவுதான், கைக்குழியிலிருந்து அடிவரை நேர்கோடாக இழுத்துவிடலாம். கழுத்து ஆழம் முன்பக்கம் 2½, பின்பக்கம் 1 அங்குலம். அடி மடிப்புக்கு 1½ அங்குலமும் தோள் தையலுக்கு ½ அங்குலமும் சேர்த்து மொத்த நீளம் 20 அங்குலம். கை வைக்கத் தேவையில்லை, வெயில் காலத்துக்குத்தானே.

இங்கேதான் புதிதாகத் தைக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது. சட்டை அழகாக வந்துவிடும், ஆனால் தலை நுழையாது! தைக்க முதல் கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன கழுத்தைச் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 12¾ அங்குலம் வரும். 2 வயசுப் பிள்ளையின் தலைச் சுற்று ஏறக்குறைய 19. ஆகவே பின்பக்க நடுவில் 4 அங்குலம் நேராகக் கீறிவிட வேண்டும். கீறலுக்கு இரண்டு ஓரம் என்பதால் 8 அங்குலம் கூடும். 12¾-உம் 8-உம் 20¾. தலை தாராளமாக நுழையும். கீறலின் மேல் முனையில் ஒரு பொத்தானும், நூலால் ஒரு கண்ணியும் போதும். கழுத்தை அகலமாக வெட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள், சட்டை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

45 அங்குல அகலத் துணியில் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும். மிஞ்சுகிற 9 அங்குலப் பட்டையில் கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைக்கும் குறுக்குப் பட்டி வெட்டலாம். ஆக ஒன்றேகால் யாரில் இரண்டு சட்டை வரும். ஆனால் ஒன்றரை யாராக எடுத்தால் நல்லது. காரணம் சொல்கிறேன். இந்த வயசில் பிள்ளை வருசத்துக்கு 2½ முதல் 3 அங்குலம் உயரும். சட்டை ஒவ்வொன்றையும் 2 அங்குலம் நீளமாக வெட்டி, அடிமடிப்புக்கு மேலே அரை அங்குல உயரத்தில் இரண்டு மடிப்பு எடுத்துத் தைத்துவிடுங்கள். ஒரு மடிப்பு 1 அங்குலத் துணியை ஒளித்து வைத்திருக்கும். பார்ப்பதற்கும் அது ஒரு அலங்காரம். அடுத்த வருசம் ஒன்றைப் பிரிக்கலாம், பிறகு மற்றதை. நம்ம அப்பாயிமார் தீபாவளிச் சட்டைக்கு இதைத்தான் செய்தார்கள். மூன்றாவது சட்டையை அம்மாவின் சேலையில் தைத்துக்கொள்ளுங்கள்.

களுசானுக்கு ஒரு காலுக்கு ஒரு துண்டு, பக்கத் தையலே கிடையாது. இடுப்பில் 14 அங்குல அகலம், கவட்டில் முன்பக்கம் 1½-உம் பின்பக்கம் 2½-உம் கூட்டி 18 அங்குலம். முன்பக்க உயரம் 15, பின்பக்கம் 16, ஏனென்றால் குனிந்து விளையாடுகிற பிள்ளைக்குப் பின்னால் இழுபடக் கூடாது. இந்த உயரத்தில் இலாஸ்டிக் கோர்க்கும் 1½ அங்குல மடிப்பும், கால் ஓரத்துக்கு 1 அங்குலமும் அடங்கும். இரண்டு காலையும் தனித்தனியாகச் சேர்த்துத் தைத்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, கவட்டுக் கோட்டை ஒரே தையலாகப் போடுங்கள். அதிலே மட்டும் இரண்டு வரி போடுங்கள், பிய்வது அங்கேதான். 2 களுசானுக்கு ஒரே நிறத்தில் என்றால் ஒரு யார் போதும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு, ஆளுக்கு அரை யார் வெட்டிக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இதே அளவுதான். அண்ணன் போட்டதைத் தங்கை போடலாம்.

இலாஸ்டிக்கை இடுப்புச் சுற்றைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டி, முதலில் ஊக்குக் குத்திப் போட்டுப் பாருங்கள். சோறு சாப்பிட்ட பிறகு உங்கள் இரண்டு விரல் சும்மா உள்ளே போகவேண்டும். பிறகு தைத்து, ஊக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். பொத்தான் போய்விட்டது என்று ஊக்குக் குத்தி மடுவத்துக்கு அனுப்புவதும் வேண்டாம். அது திறந்துகொண்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, ஆயாவுக்கும் ஏன் அழுகிறது என்று புரியாது.

கழுத்தில் நாடா, தொப்பியில் நாடா, தோளில் நீளமான முடிச்சு, இவை எதுவும் சின்னப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொட்டில் கயிற்றிலோ கதவுத் தாழ்ப்பாளிலோ மாட்டினால் கழுத்து நெரிபடும். இங்கிலாந்தில் பிள்ளைகளின் மேலங்கித் தலைமூடியில் நாடா கோர்ப்பதை 1976-லேயே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அழகுக்கு வேண்டுமானால் மேற்சட்டையில் களுசான் துணியால் ஒரு பை வைத்துத் தையுங்கள். செட் என்று பார்த்தவுடன் தெரியும், செலவும் இல்லை. பொத்தானை நாலு தடவை நூல் ஓட்டி, தண்டு சுற்றி இறுக்கித் தைத்து, இழுத்துப் பார்த்துவிட்டே போட்டுவிடுங்கள். பிடுங்கினால் நேரே வாய்க்குத்தான் போகும்.

மெசின் இல்லாதவர்கள் பின்வாங்க வேண்டாம். சிங்கர் மெசின் 1877-லேயே இலங்கைக்கு வந்துவிட்டது என்றாலும் லயத்துக்கு லயம் வரவில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கண்டித்துப் பேசிய காந்தியடிகள்கூட, 1924-ல் ஒரு மாணவர் கேட்டபோது தையல் மெசினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி உட்கார்ந்து தைக்கிற சிரமத்தைப் பார்த்து இரங்கி சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். சிங்கர் அப்படிப்பட்ட மனுசன்தானா என்பது வேறு கதை. 1927-ல் நம்ம பதுளைக்கு வந்துபோன அதே காந்திதான். மெசின் உள்ள வீட்டுக்காரர் ஒருவருக்கு நூலும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து வெட்டித் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும். கையில் தைப்பதானால் ஓட்டுத் தையல் போதாது. ஊசியை ஒரு அடி முன்னே போய், அரை அடி பின்னே வந்து குத்தும் பின்தையல் போடுங்கள், அங்குலத்துக்கு எட்டு. வெட்டுத்துண்டு நூல் பிரியும் என்பதால், முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டையும் சேர்த்து ஓரத்தில் சின்னதாக ஒரு வரி தைத்து, பிறகு திருப்பி மடித்து உள்ளே இன்னொரு வரி போட்டால் ஓரம் மறைந்துவிடும். உள்ளே உறுத்தவும் செய்யாது.

பூனாகலைப் பக்கம் மேலே இருப்பவர்கள் ஒன்று யோசிக்க வேண்டும். வெயில் காலமென்றாலும் விடியற்காலையில் அங்கே குளிர்தான். பிள்ளையை மடுவத்தில் விடும்போது குளிர், பத்து மணிக்கு வெயில். அதற்காகக் காலையிலேயே கனமான கம்பளிச் சட்டை ஒன்றை இறுக்கிப் போட்டுவிட்டால், கொழுந்து நிறுக்க நீங்கள் வரும்வரை பிள்ளை அதற்குள்ளேயே வேகும். முன்னால் முழுதாகத் திறக்கிற மெல்லிய கைச்சட்டை ஒன்றைத் தைத்து மேலே போட்டுவிடுங்கள், ஆயா கழற்றிவிடச் சுலபம். கொஸ்லந்தை, அதற்குக் கீழே வெல்லவாயப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தேவைப்படாது.

கச்சான் காலத்தில் ஒரு நல்ல வசதி, காலையில் துவைத்துப் போட்டது மத்தியானத்துக்கு முதல் காய்ந்துவிடும். ஆகவே ஐந்து துண்டு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு சரிவராது, அதற்குத் தனியாகப் பார்க்கவேண்டும். பீலியில் தண்ணீர் குறைகிற மாதங்கள் என்பதால் வெள்ளைத் துணி எடுக்காதீர்கள். களுசானுக்கு மண் நிறமோ கரும்பச்சையோ எடுத்தால் செம்மண் கறை தெரியாது.

நாலு வீட்டில் ஒரே துணி வாங்கித் தைத்தால் மடுவத்துக் கொடியில் எது யாருடையது என்று ஆயாவுக்குத் தெரியாமல் போய், பின்னேரம் சண்டை வரும். வீட்டுக்கு ஒரு நிற நூலாகப் பேசி வைத்துக்கொண்டு, சட்டைக் கழுத்தின் உட்பக்கமும் களுசான் இடுப்பின் உட்பக்கமும் மூன்று தையல் போட்டு அனுப்புங்கள். எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்று ஆயாவிடம் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.